ஒரு வீடு, ரெண்டு அடுப்பு

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் வந்திருந்தார். நாங்கள் வீடு கட்டப்போகிறோம் என்று கேட்டதும், "கான்கிரீட் எதுக்கு சார்? அழகா மண் சுவர் வெச்சு, நாட்டு ஓடு போட்டுக் கட்டுங்க" என்றார்.

அவர் சொன்ன வீட்டில்தான் நான் ஐம்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். வருஷா வருஷம் ஓடு மாற்ற வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆள் எங்கள் பக்கம் இப்போது கிடைப்பதில்லை. மலைக்குரங்கு ஒரு தடவை ஓடிப் பிடித்து விளையாடினால் பத்து ஓடு போச்சு. விட்டத்தைக் கரையான் தின்றுவிட்டது. ராத்திரி மழை வந்தால் அம்மா கட்டிலை மூணு இடத்துக்கு மாற்றுகிறோம். பார்க்க வருகிறவருக்கு அந்த வீடு அழகு. ஏணி வைத்து ஏறுகிறவன் நான்.

அதுக்காக டவுனில் கட்டுவது போலக் கட்டலாமா என்றால், அதுவும் முடியாது. வெயில் 40 டிகிரி தாண்டிய ஊர்கள் என்று டிவியில் சொல்லும்போது திருத்தணி பேர் தவறாமல் வரும். பகல் முழுக்கக் குடித்த சூட்டைக் கான்கிரீட் தளம் ராத்திரி உள்ளே இறக்கும். அப்புறம் ஏசி, அப்புறம் கரண்ட் பில்.

எங்கள் வீட்டில் மொத்தம் 10 பேர். அம்மா, நான், என் மனைவி, மகன், மருமகள், பேரன். தம்பி, அவன் மனைவி, ரெண்டு பெண் பிள்ளைகள். மேஸ்திரி மனையை அளந்துவிட்டு, "1,200 சதுர அடி வேணும் சார், அடிக்கு 2,200 ஆவும்" என்றார். 26 லட்சத்து 40 ஆயிரம். கரும்புப் பணம், மகனின் சேமிப்பு, கொஞ்சம் நகை எல்லாம் சேர்த்தால் எங்களிடம் 9 லட்சம்தான். மீதி 17 லட்சத்தை ஊர் வழக்கப்படி ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாசம் 34,000 ரூபாய் வட்டி மட்டும் கட்ட வேண்டும். புது வீட்டில் படுத்துக்கொண்டு நிலத்தை விற்க யோசிக்க வேண்டியதுதான். அப்படி நிலம் போன வீடுகளை எங்கள் ஊரிலேயே காட்டுவேன்.

எத்தனை ரூம் என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்தப் பத்துப் பேரும் பகலில் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தேன். பதில் எதிர் வீட்டிலேயே இருந்தது. அவர்களுக்கு 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் வீடு வந்தது. 2024-ல் ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் குடிசைக்குப் பதிலாக 360 சதுர அடி வீடு, 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம், மீதி 60 தீப்பிடிக்காத வேறு கூரை. குடிசை ஒழுகிய வீட்டுக்கு அது பெரிய விஷயம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் ஏழு பேர். குடி போன மாசமே வாசலில் கீற்றுப் பந்தல் போட்டுவிட்டார்கள். சாப்பாடு, பூ கட்டுவது, பிள்ளைகள் படிப்பு, ராத்திரிப் படுக்கை எல்லாம் பந்தலில்தான். பீரோவும் துணியும் உள்ளே இருக்கின்றன. மூணு பேர் குடும்பத்துக்கும் ஏழு பேர் குடும்பத்துக்கும் அதே தொகை என்பதை அரசாங்கம் யோசிக்க வேண்டும். பணம் கூட்ட முடியாவிட்டாலும், அகலமான தாழ்வாரத்தோடு ஒரு வரைபடம் கொடுக்கலாம். நிழல்தான் ஏழை வீட்டின் பெரிய அறை.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள். காவடி எடுத்து வருகிற உறவுக்காரர்கள் முப்பது பேருக்குக் குறையாமல் ரெண்டு நாள் தங்குவார்கள். அவர்களுக்கு அறை கட்டினால் வருஷத்தில் 363 நாள் பூட்டித்தான் கிடக்கும். அவர்களைத் தாங்குவது திண்ணையும் முற்றமும்தான். எல்லைப்புறம் ஆச்சே, திண்ணையை அருகு என்றும் தாழ்வாரத்தை வசாரா என்றும் தெலுங்கில் சொல்கிற பெரியவர்கள் எங்கள் தெருவில் உண்டு. 1960 வரை இந்த ஊர் ஆந்திராவில்தானே இருந்தது. எந்த பாஷையில் சொன்னாலும் அந்த இடம் இல்லாமல் வீடு இல்லை.

சரி, சிக்கனமாகக் கட்ட வழி உண்டா? உண்டு. லாரி பேக்கர் என்று ஓர் இங்கிலாந்துக்காரர் திருவனந்தபுரத்தில் தங்கி, கேரளா முழுக்கக் குறைந்த செலவில் வீடு கட்டிக் காட்டினார். 1990-ல் பத்மஸ்ரீ வாங்கியவர், 2007-ல் காலமானார். அவர் பரப்பியதில் ஒன்று எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவது. 9 அங்குலச் சுவருக்குள் நடுவில் வெற்றிடம் கிடைக்கும். நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், வெயிலும் சீக்கிரம் உள்ளே வராது. இன்னொன்று, தளத்தின் அடிப்பாகத்தில் கம்பிகளுக்கு நடுவே ஓட்டை வைத்துக் கான்கிரீட் போடுவது. சிமெண்டும் குறையும், சூடும் குறையும்.

மேஸ்திரி, "நம்ம ஆளுங்களுக்குப் பழக்கம் இல்ல சார்" என்று தயங்கினார். முதலில் மாட்டுக் கொட்டகைச் சுவரை அப்படிக் கட்டிப் பார்த்தோம். ரெண்டு நாளில் கை பழகிவிட்டது. செங்கல்லை எண்ணினேன், சொன்ன கணக்கு கிட்டத்தட்ட சரியாக வந்தது. ஒரு எச்சரிக்கை: கரண்ட் பைப் எங்கே போகும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். அப்புறம் சுவரை வெட்ட முடியாது.

இப்போது எங்கள் திட்டம் இது. கடக்கால் முழு வீட்டுக்கும் எடுக்கிறோம். முதல் கட்டமாக மூணு அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு குளியலறை, முன்னால் நீளத் திண்ணை. பழைய வீட்டின் வடக்குப் பாதியை இடிக்கவில்லை. அதன் கதவு, ஜன்னல், கருங்கல் எல்லாம் அடுத்த கட்டத்துக்கு ஆகும். பால்கனி, முகப்பு அலங்காரம் கிடையாது. நாங்களும் வேலைக்கு இறங்கினால் 9 லட்சத்துக்குள் முடியும். கரும்பு கைகொடுக்கிற வருஷம் அடுத்த கட்டம். மலைக்கோயில் 365 படியையும் யாரும் ஒரே மூச்சில் ஏறுவதில்லை.

செலவை விட முக்கியமான விஷயம் ஒன்று. வரைபடத்தில் சமையல்கட்டு ரெண்டு, வாசல் கதவு ரெண்டு. ஒன்று இப்போது, இன்னொன்று அடுத்த கட்டத்தில். இதைக் கேட்டது என் மனைவியும் தம்பி மனைவியும் சேர்ந்து. அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "பிரியறதுக்காடா வீடு கட்டறீங்க?" என்று கேட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தார்கள். கூடத்தின் நடுவில் சுவர் எழும்பியது. முற்றம் ரெண்டாகி, எங்கள் பக்கம் வெளிச்சம் வருவது நின்றது. மதியத்திலேயே விளக்கு போட வேண்டும். சண்டை ரெண்டு வருஷத்தில் ஆறிப்போச்சு. சுவர் இன்னும் நிற்கிறது. பெரிய குடும்பத்துக்கு வீடு கட்டுகிறவர்கள், எல்லோரும் என்றைக்கும் ஒரே உலையில் சாப்பிடுவார்கள் என்று நம்பிக் கட்டுகிறார்கள். அப்படி நடக்காத நாளில் வீட்டையே வெட்டுகிறார்கள். பிரிய வழி இருக்கிற வீட்டில்தான் மனக்கசப்பு இல்லாமல் சேர்ந்து இருக்க முடியும் என்பது என் அபிப்பிராயம். பத்துப் பேருக்குச் சமைக்கிறவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர்களிடம் கேட்காமல் போடுகிற வரைபடம் செல்லாது.

மூணு நாள் கழித்து அம்மா தானாகவே மனைக்கு வந்தாள். சுண்ணாம்புக் கோட்டைக் கைத்தடியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "ரெண்டு அடுப்பு வெச்சுக்கோங்க. திண்ணைக்கு நடுவுல மட்டும் செவுரு வரக்கூடாது" என்றாள்.

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். ஆவணி வாஸ்து நாளில் கடக்கால் போடுகிறோம்.