தொட்டியின் சக்கரமும் தொழிலாளியின் முதுகெலும்பும்

சென்னைத் தெருக்களில் நிற்கும் நான்கு சக்கரக் குப்பைத் தொட்டியின் கொள்ளளவு 1,100 லிட்டர். ஈரக்கழிவு நிறைந்தால் அதன் எடை சில நூறு கிலோவைத் தொடும். அதைக் காம்பாக்டர் லாரி நிற்குமிடம் வரை தள்ளிச் செல்வோர் தூய்மைப் பணியாளர்கள். அவர்களுள் பெரும்பான்மையினர் தலித்துகள்.

இத்தகைய தொட்டிகளின் சக்கரம் ஏறத்தாழ 20 செ.மீ. விட்டமுடையது. சமதளத்திற்கு அது போதும். பள்ளமும் ஜல்லியும் நிறைந்த தெருவில், 5 செ.மீ. உயரமுள்ள விளிம்பை அச்சக்கரம் ஏறிக் கடக்க, அதன்மேல் அழுந்தும் எடையைக் காட்டிலும் கூடுதலான விசை தேவை. விட்டத்தை 40 செ.மீ. ஆக்கினால் அவ்விசை ஏறத்தாழப் பாதியாகும். எளிய இயற்பியல்தான் இது. இருந்தும் சக்கரம் மாறுவதில்லை. எஞ்சிய விசையை முதுகும் தோளும் முழங்காலும் ஈடுசெய்கின்றன. இவ்வுடல்கள் மலிவானவை என்னும் சாதியக் கணக்கே இதன் அடியில் உள்ளது.

சட்டம் இதனை அறியாததன்று. காயம் விளைவிக்கத்தக்க பளுவை எவரையும் தூக்கவோ நகர்த்தவோ பணிக்கலாகாது என்றது 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34 ஆம் பிரிவு. ஆனால் அப்பாதுகாப்பு தொழிற்சாலை வாயிலோடு நின்றது. தெரு தொழிற்சாலை ஆகவில்லை. 2016 ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கையுறை, முகக்கவசம், காலணி ஆகியவற்றை வலியுறுத்தின. கிருமியிலிருந்து காக்க முனைந்த அப்பட்டியலில் பளுவிலிருந்து காக்கும் ஏற்பாடு இடம்பெறவில்லை. தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21 ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று 1995 இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, ஆபத்தற்ற பணியிடத்தை அளிப்பது வேலையளிப்பவரின் கடமை என்கிறது. தெருவும் பணியிடமே என்ற வாதத்தை இனி நாம் நீதிமன்றங்களில் எழுப்ப வேண்டும்.

2025 ஆகஸ்டில் இரு மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் அளிக்கப்பட்டதை எதிர்த்து, ரிப்பன் மாளிகை முன்பு பணியாளர்கள் 13 நாள்கள் போராடினர். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அகற்றியது. வேலையும் ஊதியமும் அப்போராட்டத்தின் மையம். அவற்றோடு இணைந்ததே இக்கேள்வியும்: ஒப்பந்ததாரர் வந்தபின் சக்கரத்திற்கு யார் பொறுப்பு?

கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் சக்கரத்தின் அளவு, ஒருவர் தள்ளத்தக்க உச்ச எடை, பழுது நீக்கக் காலக்கெடு ஆகியன எழுதப்பட வேண்டும். முதுகுவலி பணிசார் நோயாக ஏற்கப்பட வேண்டும். தொட்டி செல்லும் வழி முதலில் செப்பனிடப்பட வேண்டும். இவை சலுகைகள் அல்ல. மனிதத் தகவுடைய பணிச்சூழலுக்கு வகைசெய்யுமாறு 42 ஆம் உறுப்பு அரசுக்கு இட்ட நெறி.