ஒப்பாரி போதும், கணக்கெடுப்போம்

நாம் அடிபடும்போதெல்லாம் எமது சஞ்சிகைகளில் கவிதைகள் பெருகுகின்றன. 2014 இல் அளுத்கம எரிந்தபோது பெருகின. 2017 இல் கிந்தோட்டை, 2018 இல் திகன, 2019 இல் மினுவாங்கொடை. ஊரின் பெயரை மாற்றினால் கவிதை அப்படியே பொருந்திவிடும். சாம்பல், கருகிய முஸ்ஹப், சிறகொடிந்த புறா. இதை எழுதும் நானும் திகனவுக்குப் பிறகு அப்படியொன்றை எழுதி, கண்டியில் ஒரு கூட்டத்தில் வாசித்துக் கைதட்டல் வாங்கியவன்தான். எனவே எவரையும் மட்டந்தட்டுவது எனது நோக்கமல்ல. ஆனால் ஒரு கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது. அழுது முடித்த பின், அடுத்த தீ பற்றாதிருக்க நாம் என்ன செய்தோம்?

எம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, "எல்லாம் சதி". மற்றது, "எல்லாம் கத்ர்". முதலாவதை அரசியல் மேடையிலும் இரண்டாவதை ஜனாஸா வீட்டிலும் சொல்கிறோம். சதி இல்லை என்று நான் சொல்லவில்லை. கத்ரை மறுக்கவுமில்லை. ஆனால் இரண்டு பதில்களும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: நம்மால் செய்வதற்கு எதுவுமில்லை. அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய வேளையில் ஷாம் நோக்கிப் புறப்பட்ட உமர் (ரழி) அவர்கள் பாதிவழியில் படையுடன் திரும்பினார்கள். கத்ரை நம்பியவர்தான் நோய் பரவும் வழியையும் பார்த்தார். நாம் அந்தச் சம்பவத்தை மிம்பரில் சொல்லிவிட்டு அத்துடன் மறந்துவிடுகிறோம்.

வன்முறையையும் அப்படிப் பார்க்கலாம் என்று உலகம் சொல்லத் தொடங்கிக் காலமாகிவிட்டது. 1996 இல் உலக சுகாதார மாநாடு வன்முறையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகப் பிரகடனம் செய்தது. 2002 இல் உலக சுகாதார நிறுவனம் இதுபற்றிப் பெரிய அறிக்கையொன்றை வெளியிட்டது. சாரம் எளிமையானது. எங்கே, எப்போது, யாருக்கு, எதனால் என்று முதலில் கணக்கெடு. காரணத்தைத் தேடு. ஒரு தடுப்பைச் செய்து பார். பலன் தந்தால் விரிவாக்கு. மலேரியாவுக்கு இந்த நாடு செய்ததும் இதுதான்.

"மனிதனின் வெறியும் நுளம்பும் ஒன்றா?" என்று கேட்பவர்களுக்கு நான் தொலைதூர உதாரணம் தேடிப் போகவேண்டியதில்லை. 1995 ஆம் ஆண்டளவில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்ட நாடு இலங்கை. உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. பெரும்பாலும் விவசாயக் கிருமிநாசினி. அன்றும் மனத்தைத் திருத்தவேண்டும் என்றார்கள், உபதேசம் செய்தார்கள். சாக நினைத்தவன் வேறு வழி தேடுவான் என்றும் சொன்னார்கள். ஆனால் 1984 இலும், 1995 இலும், 1998 இலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் கடும் நச்சு இரசாயனங்கள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டன. விகிதம் எழுபது வீதத்துக்கு மேல் இறங்கியது. 1995 முதல் 2015 வரை ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. நச்சியல் பற்றிய ஆய்வுகள் பல நமது பேராதனையை மையமாகக் கொண்டே நடந்தன. அங்கே நமது பிள்ளைகளும் படித்தார்கள். ஆனால் நமது இலக்கியத்துக்கு அந்தச் செய்தி வந்துசேரவில்லை.

இப்போது திகனவுக்கு வருவோம். 2018 பெப்ரவரி 22 இல் தெல்தெனியவில் வீதித் தகராறு. சிங்கள லொறிச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டார். மார்ச் தொடக்கத்தில் அவர் இறந்தார். மார்ச் 5 இல் திகன எரிந்தது. மறுநாள் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. எரிந்த வீடொன்றிலிருந்து ஒரு முஸ்லிம் இளைஞர் சடலமாக எடுக்கப்பட்டார். தீ மெனிக்கின்ன, அம்பத்தென்ன, அக்குறணை வரை வந்தது. பெப்ரவரி 22 இலிருந்து மார்ச் 5 வரை எண்ணிப் பாருங்கள். பதினொரு நாட்கள். ஒரு தொற்றுநோய் உடம்பில் அடைகாக்கும் காலம்போல் அது கண் முன்னால் கிடந்தது. அந்நாட்களில் நல்ல மனம் படைத்த சிலர் ஓடித்திரிந்திருக்கலாம். ஆனால் நல்ல மனிதர்கள் இருப்பது வேறு, ஏற்பாடு இருப்பது வேறு. வயிற்றோட்டம் பரவினால் யார் கிணற்றைப் பார்ப்பது, யார் யாருக்கு அறிவிப்பது என்று நமக்குத் தெரியும். வதந்தி பரவினால்?

சிக்காகோவில் கெரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோய் வைத்தியர் 2000 ஆம் ஆண்டில் ஒரு வேலையைத் தொடங்கினார். ஆபிரிக்காவில் கொலராவுக்கும் எயிட்ஸுக்கும் எதிராக உழைத்தவர். தெருவில் மதிப்புள்ள, சண்டைக்காரர்களுக்குத் தெரிந்த ஆட்களைத் தெரிந்தெடுத்து, ஒரு சூடு நடந்த உடனேயே பழிவாங்கப் புறப்படுகிறவர்களிடம் அனுப்பினார். எல்லா இடத்திலும் ஒரே பலன் கிடைக்கவில்லை. ஆனால் பாடம் தெளிவு: பரவும் சங்கிலியை நடுவில் அறுக்கலாம். எமது ஊரில் அந்த ஆள் யார்? சமாதானக் குழுவின் புகைப்படத்தில் நிற்கும் பிரமுகரல்ல. முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தில் இரு இனத்தாருடனும் தேநீர் குடிப்பவர், சந்தைக் கடைக்காரர், விளையாட்டுக் கழகத் தலைவன், பன்சலை ஹாமதுரு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கசக்கும். அந்தச் சாரதியைத் தாக்கியதாகக் கைதானவர்கள் நமது இளைஞர்கள். நாம் அதை எழுதும்போதெல்லாம் "ஒரு சிறு சம்பவம்" என்று எழுதினோம். ஒரு மனிதன் செத்துப்போன சம்பவம் சிறியதா? நால்வர் செய்ததற்காக ஊரை எரித்தது அக்கிரமம். அந்த அக்கிரமத்தைச் சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் முதல் அடியைக் கணக்கில் சேர்க்காதவன் இரண்டாவதைத் தடுக்கமாட்டான். வீதியில் இறங்கிக் கைநீட்டும் வாலிபனைப் பற்றி எத்தனை குத்பாக்களில் கேட்டிருக்கிறோம்?

வீட்டுக்குள்ளும் வருவோம். 2019 இல் நடத்தப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி துணைவனுடன் வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவனால் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையை அனுபவித்திருக்கிறார். குடும்ப வன்முறைத் தடைச் சட்டம் 2005 இலேயே வந்துவிட்டது. ஆயினும் வைத்தியசாலையில் நமது சகோதரி "படியில் வழுக்கி விழுந்தேன்" என்றே சொல்கிறாள். குடும்ப மானம். அடியைப் பார்த்து வளரும் பிள்ளை அடியைப் படிக்கிறான். உலகெங்கும் ஆய்வுகள் சொல்வது இது.

"நோய் என்று சொல்லிக் குற்றவாளியைத் தப்ப விடுகிறீர்கள், பார்த்துக்கொண்டு நின்ற பொலிசையும் மன்னிக்கிறீர்கள்" என்று சிலர் பாய்வார்கள். இல்லை. 1854 இல் லண்டனில் ஜோன் ஸ்னோ கொலராவின் ஊற்றைத் தேடிப் போய்க் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். அதனால் நகரசபையின் பொறுப்பு குறையவில்லை, வெளிச்சத்துக்கு வந்தது. கிருமிநாசினியிலும் தடை விழுந்தது விற்ற சரக்கின்மேல்தான். திகனவில் வெறுப்பு பேஸ்புக்கில் ஓடியது. மார்ச் 7 இல் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது, ஒரு வாரத்தின் பின் திறந்தது. 2020 இல் அந்நிறுவனம் தனது பங்குக்காக மன்னிப்புக் கேட்டது. சிங்களத்தில் எழுதப்படுவதைக் கண்காணிக்கப் போதிய ஆட்கள் அதனிடம் இருக்கவில்லை. நஞ்சை விற்றவனைக் கேள்வி கேட்கவும் கணக்கு வேண்டும். தேதியும் நேரமும் பதிவும் இல்லாத கண்ணீரை எந்த நீதிமன்றமும் சாட்சியாக ஏற்காது.

1915 இல் கலவரம் தொடங்கியதும் இதே கண்டியில்தான், வெசாக் இரவில், பள்ளிவாசல் முன்னால். அதற்கு முன் கம்பளைப் பெரஹரா வழக்கு வருடக்கணக்கில் புகைந்துகொண்டிருந்தது. நூறு வருடம் கழிந்தும் அறிகுறியைப் பார்க்கப் பழகவில்லை.

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு கொப்பி வைப்போம். எந்தச் சந்தியில், எந்தக் கிழமை, என்ன தகராறு, என்ன வதந்தி, யார் போய்ப் பேசினார், என்ன நடந்தது. பன்சலையிலும் ஒன்று வைக்கச் சொல்வோம். மாதம் ஒருமுறை இரண்டையும் ஒரே மேசையில் விரிப்போம். எழுத்தாளருக்கும் வேலை இருக்கிறது. தெல்தெனியச் சாரதியின் வீட்டில் அன்றிரவு என்ன நடந்திருக்கும் என்று நம்மில் ஒருவர் ஒரு கதை எழுதட்டும். அது சிங்களத்திலும் வரட்டும்.

திகன பற்றிய எனது கவிதையை நான் கிழிக்கப் போவதில்லை. ஆனால் இனி அதை மேடையில் வாசிக்கமாட்டேன். கொப்பியில் முதல் பக்கம் எழுதப்படும்வரை.