அணைத்துப் பார்க்காத சர்வர்

பி.காம். படிக்கிறவனுக்கு சர்வரைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்காதீர்கள். வீடு பெரம்பலூர், படிப்பது அரியலூர். தேர்வுக்கட்டணம் கட்டக் கடைசி நாளில் ஒரு கவுண்டரில் "சர்வர் டவுன் தம்பி" என்று கேட்டுவிட்டுத் திரும்பியவன் நான். அபராதம் அப்பா பாக்கெட்டில் இருந்து போனது!

ஒரே வேலையைப் பல கணினிகள் பங்குபோட்டுச் செய்தால் அது கிளஸ்டர். ஒவ்வொரு கணினியும் ஒரு நோட். ஒன்றை நிறுத்துவது வங்கியில் ஒரு கவுண்டரை மூடுவது மாதிரிதான். மற்ற கவுண்டர்கள் கூட்டத்தைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். புதிதாக வருபவரை அங்கே அனுப்பி, நிற்பவர் வேலையை முடித்துவிட்டு மூட வேண்டும். திரும்பத் திறந்ததும் சரியாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

"ஓடுறதை ஏன் தொடணும்?" என்பார்கள். மாற்றுக் கணினிகளை விடுங்கள், முழு மாற்று மையமே இருந்தும் என்ன ஆனது? 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச்சந்தையில் காலை 11.40க்கு நின்ற வர்த்தகம் பிற்பகல் 3.45க்குத்தான் மீண்டது. மாற்று மையத்துக்கு மாறவே இல்லை. வழக்கமாக 3.30க்கு முடியும் சந்தை என்பதால் தரகர்கள் முன்கூட்டியே கணக்கை முடிக்க, பலருக்கு நஷ்டம்.

2024 மார்ச் 2, சனிக்கிழமை, வேண்டுமென்றே மாறிப் பார்த்தார்கள்: 9.15 முதல் 10 வரை முதன்மை மையம், 11.30 முதல் 12.30 வரை மாற்று மையம். நிஜ வர்த்தகம்!

அதுதான் சரி. கூட்டமில்லாத நாளில் ஒவ்வொன்றாக அணைத்துப் பழக வேண்டும். காற்று பார்க்காத ஸ்டெப்னியை நம்பி யாராவது திருச்சிக்கு வண்டி எடுப்பார்களா, சொல்லுங்கள்?