கூலியும் முகமலர்ச்சியும்



புதுநன்மை ஆடை வாங்கும் பொருட்டு அண்மையில் ஒரு துணிக்கடைக்குச் சென்றிருந்தோம். கேட்டதை எடுத்துக் காட்ட அங்கு நின்ற இளம்பெண் சற்றும் ஆர்வம் காட்டவில்லை. “இக்காலத்துப் பிள்ளைகளுக்கு வேலையில் அக்கறையே இல்லை” என முணுமுணுத்தோம். பேச்சுக் கொடுத்தபோதுதான் உண்மை விளங்கிற்று. காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை வேலை. பத்து நிமிடம் தாமதித்தாலும் சம்பளத்தில் பிடித்தம். ஊரிலுள்ள தாய்க்கு அனுப்பியபின் கையில் மிஞ்சுவது சொற்பம். நம் முணுமுணுப்பு நம்மையே சுட்டது.

வாடகையையும் வட்டியையும் எண்ணிக் கலங்கும் உள்ளத்தில் முகமலர்ச்சி எங்ஙனம் பிறக்கும்? கூலி மட்டுமே ஆர்வத்தைத் தந்துவிடாது என்பது மெய்யே. மதிப்பும் வேண்டும். ஆயினும் கடைச் சிப்பந்திகள் அமர்வதற்கு ஓர் இருக்கை அளிக்கக் கேரளத்தில் 2018இலும், தமிழகத்தில் 2021இலும் சட்டமே இயற்ற வேண்டியிருந்ததே!

“பேசி ஒப்புக்கொண்ட கூலிதானே?” என்பர் சிலர். திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891லேயே இதற்கு விடை பகர்ந்தார். வேறு வழியின்றி, இதைவிடக் கேடு வருமோ என அஞ்சித் தொழிலாளி குறைந்த கூலிக்கு இசைந்தால், அவன் அநீதிக்கே இரையாகிறான் என்றார். கூலி குடும்பத்தைக் காக்கப் போதுமானதாய் இருத்தல் வேண்டும் என்று 1981இல் இரண்டாம் அருள் சின்னப்பரும் வலியுறுத்தினார்.

பிறர் கடையைக் குறை கூறுமுன் நம் இல்லத்தையும் ஆலயத்தையும் நோக்குவோம். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவுக்குக் கடைசியாக எப்போது கூலி உயர்த்தினோம்? அவர் நோயுற்ற நாளுக்குக் கூலியைப் பிடித்துக்கொண்டோமா? விடியுமுன் கோயில் மணியடிக்கும் கோயில்பிள்ளை தம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கு யாரிடம் கடன் வாங்குகிறார்? திருவிழா வாணவேடிக்கைக்குத் தயங்காது செலவிடும் நாம், அவர் சம்பளம் என்றதும் கணக்குப் பார்க்கிறோம். பின்னர், “அவர் சுறுசுறுப்பாய் இல்லை” எனக் குறை கூறுகிறோம்.

மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாகத் திருச்சபை கொண்டாடுகிறது. அந்நாளுக்கு முன்னரே பங்குப் பேரவையில் கோயில்பிள்ளையின் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம். வீட்டு வேலை செய்பவரின் கூலியை இன்றிரவே குடும்பமாய் அமர்ந்து முடிவு செய்வோம். நாசரேத்தூர்த் தச்சர் நம் கணக்கேட்டைப் பார்த்தால் நாம் நாணாதிருக்க வேண்டாமா?