ஏஎம்எச் சொல்வதும் சொல்லாததும்

குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வரும் பெண்ணுக்கு முதலில் எழுதித்தரப்படும் ரத்தப் பரிசோதனைகளுள் ஒன்று ஏஎம்எச் (ஆன்டி முல்லேரியன் ஹார்மோன்). சூலகத்தில் எஞ்சியுள்ள கருமுட்டைகளின் இருப்பை அது ஓரளவு காட்டும். சூலகத்தைத் தூண்டும் ஊசி மருந்தின் அளவைத் தீர்மானிக்கவும் உதவும். முட்டையின் தரத்தை அது சொல்லாது. அதைப் பெரிதும் தீர்மானிப்பது வயது. குழந்தையின்மைச் சிக்கல் இல்லாத, 30 முதல் 44 வயதுவரையான பெண்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏஎம்எச் குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தனர். அப்படியிருக்க, ஓர் எண்ணைக் காட்டிப் பெண்களைக் கலங்கடிப்பது கொடுமை. கணவரின் விந்துப் பரிசோதனைக்கு முன்பே மனைவியைக் குற்றவாளியாக்கும் வீடுகளில் அந்த எண் ஆயுதமாகிவிடுகிறது. சிகிச்சையின் வெற்றி வாய்ப்பைத் தம்பதிக்கு விளக்கி ஆலோசனை வழங்க வேண்டும் என்கிறது செயற்கைக் கருத்தரிப்பு முறைகளை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டு இந்தியச் சட்டம். அந்த விளக்கத்தை மருத்துவமனைகள் தமிழில், எழுத்தில், பணம் கட்டும் முன்பே தர வேண்டும்.