நூற்பது சடங்கா, கலையா?

அக்டோபர் 2 வந்தால் போதும், பரணில் கிடக்கும் ராட்டையைத் தூசி தட்டி மேடையில் வைத்துவிடுவார்கள். யாராவது ஒரு பிரமுகர் உட்கார்ந்து நாலு சுற்று சுற்றுவார். போட்டோ எடுப்பார்கள். நூல் வந்ததா, அறுந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. மறுநாள் ராட்டை மறுபடி பரணுக்கு! ஒரு கலையைக் கொல்ல இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "நூற்பதில் என்ன பெரிய கலை? செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதுதானே?" என்று கேட்கும் கூட்டம். கேள்வி பழசுதான். ராட்டை சுற்ற யோசிக்கவே தேவையில்லை என்று 1925ல் தாகூரே எழுதினார். காந்தி அதே ஆண்டு பதில் எழுதினார். எல்லோர் தலையிலும் ஒரே வேலையைக் கட்டக்கூடாது என்ற தாகூரின் வாதத்தில் நியாயம் உண்டு. 1924ல் பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர் சந்தாவாக மாதம் 2,000 கஜம் நூல் கேட்டது. தானே நூற்காதவர் அடுத்தவர் நூற்றதை வாங்கிக் கொடுக்கலாம் என்றும் வழி விட்டது. கஜக் கணக்கில் கேட்டால் கஜக் கணக்கில்தான் வரும், கலை எங்கிருந்து வரும்?

ஆனால் நூற்க யோசனை வேண்டாம் என்பது மட்டும் சுத்தத் தவறு. சந்தேகம் உள்ளவர்கள் ஒரு தக்ளியைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். ஒரு கை கதிரைச் சுழற்ற, மறு கை பஞ்சுப் பட்டையிலிருந்து இழையை இழுக்க வேண்டும். பருத்தி நார் ஒவ்வொன்றும் சுமார் 2, 3 சென்டிமீட்டர்தான். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது முறுக்கு மட்டுமே. முறுக்கு குறைந்தால் இழை பிரிந்துபோகும். கூடினால் சுருண்டு சிக்கிக்கொள்ளும். இழுக்கும் கை ஒரு நொடி தயங்கினால் அந்த இடம் தடித்துவிடும். எல்லாவற்றையும் விரல் நுனியே உணர்ந்து அந்தக் கணமே சரிசெய்ய வேண்டும். மிருதங்கத்தில் விரல் பழகினால் கலை, இது மட்டும் கூலி வேலையா?

உடனே, "நூல் கோணல்மாணலாக வந்தால் அதுவும் கலையா?" என்று கேட்பார்கள். இல்லை. பழகாத கையில் விழும் தடிப்பு பிழைதான். மெல்லிசாகவும் நூற்கத் தெரிந்தவர், துணிக்கு வேண்டும் என்று அதே தடிப்பைக் கொண்டுவந்தால் அது கலை. ஆலை நூலுக்கு அழகு ஒரே சீராக இருப்பது. கை நூலுக்கு அழகு, நூற்பவர் நினைத்தபடி வருவது.

சரி, கதர் வாங்கினால் இந்தக் கலை பிழைத்துவிடுமா? அதுவும் இல்லை. தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் சர்க்காவில் இழையை இழுப்பவை உருளைகள், கை சுற்றுவது கைப்பிடியை மட்டுமே. ஒரே நேரத்தில் பல கதிர்கள் ஓடுவதால் நூல் அதிகம் கிடைக்கும், நூற்பவருக்கு அது நல்லதுதான். ஆனால் விரல் கற்ற வித்தைக்கு அங்கே வேலையில்லை.

இத்தனைக்கும் புத்தகத்துக்கும் இழைக்கும் 'நூல்' என்று ஒரே பெயர் வைத்த மொழி இது. நன்னூலின் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும் காட்டுகிறது. அதில் கதிருக்கு இணையாக வருவது எது தெரியுமா? மதி! அறிவு வேண்டாத வேலை என்றால் இந்த உவமை எப்படி வந்திருக்கும்? புலவன் கலைஞனாம், உவமைக்கு வந்தவள் மட்டும் வெறும் தொழிலாளியாம்.

ஓவியக் கல்லூரிகளில் முதல் வருடமே பென்சிலோடு ஒரு தக்ளியும் கொடுக்க என்ன தடை? ஒரு கம்பி, அதன் அடியில் ஒரு வட்டு, அவ்வளவுதானே அது! அடுத்த அக்டோபர் 2 அன்று பிரமுகருக்குப் பதிலாக, நூற்கத் தெரிந்த ஒரு பாட்டியை மேடையில் உட்கார வைக்கட்டும். சுற்றிலும் பத்து மாணவர்கள் உட்கார்ந்து பழகட்டும். முதல் நாள் நூல் அறுந்துகொண்டேதான் இருக்கும். அறுந்தால் என்ன, ஒட்டி மறுபடி இழுக்கவும் பாட்டியே சொல்லித்தருவாள்.