பால் கொடுத்த கைகளுக்கு விமானம் எட்டாக் கனியா?

விமானம் தரையிறங்கும்போது அதன் பாரத்தையும் சூட்டையும் முதலில் தாங்குவது சக்கரத்தின் ரப்பர். செயற்கை ரப்பர் எவ்வளவோ வந்துவிட்ட பின்னும், விமானச் சக்கரத்துக்குப் பெரும்பகுதி இயற்கை ரப்பரே வேண்டியிருக்கிறது. விடியுமுன் பால்மரத்தடியில் நிற்கும் கைகள் கொடுக்கும் பொருள் அது. பாலைக் கொடுத்தவன் பிள்ளை விமானத்தை அண்ணாந்து பார்க்க மட்டுந்தான் பிறந்தானா?

பிரிக்பீல்ட்ஸில் கேஎல் சென்ட்ரல் எழுந்த இடம் முன்னாளில் ரயில்வே யார்டு. அந்த ரயில்வேயில் கூலியாக நுழைந்தவர்களின் பிள்ளைகள் பிட்டர்களானார்கள், டிரைவர்களானார்கள். செந்தூல் பட்டறை பல குடும்பங்களை நிமிரச் செய்தது. இன்று அதே பிரிக்பீல்ட்ஸிலிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்கு விரைவு ரயிலில் 28 நிமிடம். தூரம் குறைந்துவிட்டது, வாசல்தான் திறக்கவில்லை.

காரணம் பணம். விமானி உரிமம் பெறும் பயிற்சிக்கு மூன்று இலட்சம் வெள்ளியும் அதற்கு மேலும் ஆகிறது. 2025-இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, ஆண்டுக்கு 20,400. ஒரு தொழிலாளி பட்டினி கிடந்து பதினான்கு ஆண்டுச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைத்தாலும் அந்தத் தொகை நிரம்பாது!

கடன் வாங்கலாமே என்பார்கள். 2020-இல் கொரோனா வந்து விமானங்கள் தரையில் நின்றபோது, வேலை இழந்த இளம் விமானிகளின் தலையில் கடன் மட்டுமே மிஞ்சியது. தகப்பனின் சேமநிதியைக் கரைத்துப் படித்த பிள்ளைக்கு அந்த நிலை வந்தால், குடும்பமே கவிழும். ஆகவே நாம் கேட்பது கடனல்ல, உபகாரச் சம்பளம்.

விமானி வேலை ஒன்றுதான் விமானத் துறை என்று எண்ணிவிடவும் கூடாது. இயந்திரத்தைப் பழுதுபார்த்து, "பறக்கலாம்" என்று கையெழுத்திடும் உரிமம் பெற்ற பொறியாளர் இல்லாமல் எந்த விமானமும் கிளம்பாது. டிங்கிலில் கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் விமானத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. விமானிப் பயிற்சியை விடச் செலவு குறைவு; கைத்தொழில் நம்மவருக்குப் புதிதுமல்ல.

தோட்ட நிலத்தை வீட்டு மனையாக்கி இலாபம் கண்ட கம்பெனிகள், அந்த நிலத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு கல்வி நிதி ஒதுக்க வேண்டும். அரசாங்கம் ஏழைக் குடும்பம் என்ற ஒன்றையே அளவாக வைத்து இடமும் உதவியும் தர வேண்டும். நாமும் கைகட்டி நிற்கலாகாது. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கியது. தோட்டம் வாங்கிய கைகளால் ஒரு மாணவனைப் படிக்க வைக்க முடியாதா?

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. உபகாரச் சம்பள விளம்பரம் கண்ணில் பட்டால் அதைப் பிரட்டுக்களத்தில் ஒட்டுங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். தேதி தவறிப் போன விண்ணப்பம் ஒரு பிள்ளையின் வாழ்வையே தவறச் செய்யும்.

பெற்றோரே, கணிதம், அறிவியல், ஆங்கிலம் இம்மூன்றிலும் பிள்ளை தளராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இத்துறை முதலில் கேட்பது அவற்றைத்தான். கிளைத் தலைவர்களே, அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்குங்கள். கேட்காதவனுக்குக் கிடைப்பதில்லை, தனித்துக் கேட்டவன் குரல் எட்டுவதில்லை. சேர்ந்து கேட்போம்!